கோடியக்கரையில் இரண்டு நாள்: முதல் தடவை போகிறவர்களுக்கு

கோடியக்கரைக்கு முதல் தடவை போனபோது உச்சி வெயிலில், பன்னிரண்டு மணிக்குக் காட்டுக்குள் நுழைந்தோம். ஒரு மணி நேரம் சுற்றியும் தூரத்தில் நாலு குதிரை, சாவடி ஓரத்தில் ஏழெட்டுக் குரங்கு, அவ்வளவுதான். "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று கூட வந்தவர்கள் சலித்துக்கொண்டே கிளம்பினார்கள். அடுத்த வருடம் தை மாதக் கடைசியில் தனியாகப் போனேன். அதே புல்வெளி ஓரம், மாலை நாலு மணி. ஒரு மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் காட்டு விளிம்பிலிருந்து வெளிமான்கள் (பிளாக்பக்) ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எண்ணிக்கொண்டே வந்தவன் நாற்பதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

முதல் தடவையும் மான்கள் அங்கேதான் இருந்திருக்கின்றன. நாங்கள்தான் அவற்றின் நேரத்துக்குப் போகவில்லை. கீழே சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்: எந்த மாதம், எந்த மணி, எங்கே உட்கார வேண்டும்.

இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

நாகப்பட்டினம் மாவட்டத்தில், வேதாரண்யத்துக்குத் தெற்கே, நிலம் மூக்கு மாதிரி நீண்டு கடலில் முடிகிற இடம் கோடியக்கரை. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை, மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை சதுப்பும் உப்பளமும். 1967இல் இதைச் சரணாலயமாக அறிவித்தார்கள். 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலுக்குப் போன முதல் ஊர் இதுதான்.

புல்வெளி, காடு, சதுப்பு, கடற்கரை நாலும் இங்கே ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. காடு என்றதும் வானுயர்ந்த மரங்களை நினைக்க வேண்டாம். பாலை மரமும் முட்புதரும் அடர்ந்த, குட்டையான, கோடையிலும் இலை உதிர்க்காத காடு. மான் வெயிலுக்கு இந்தக் காட்டுக்குள் ஒதுங்கும், மேய்ச்சலுக்குப் புல்வெளிக்கு வரும். பறவைகள் சதுப்பில் மேயும். கடலோரத்தில் மீனவர்கள் தங்கித் தொழில் செய்யும் கொட்டகைகளான வாடிகள். எதை எங்கே தேடுவது என்பதற்கு இந்த நாலையும் மனதில் பிரித்து வைத்துக்கொண்டாலே போதும்.

முதலில் மாதம், அப்புறம் தேதி

வடகிழக்குப் பருவமழையோடு, ஐப்பசி வாக்கில் வலசைப் பறவைகள் வந்து இறங்கத் தொடங்கும். மார்கழி, தையில் கூட்டம் உச்சத்தில் இருக்கும். ஆனால் ஐப்பசியும் கார்த்திகையும் இந்தக் கரைக்குப் புயல் மாதங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில்தான் கரையைக் கடந்தது. காட்டில் மரங்கள் முறிந்து விழுந்தன, மான்களும் குதிரைகளும் மடிந்தன. அந்த மாதங்களில் போவதென்றால் வானிலை அறிக்கையைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

என்னைக் கேட்டால் ஜனவரி பாதிக்கு மேல் பிப்ரவரி கடைசி வரை. மழை ஓய்ந்திருக்கும், புல் பச்சையாக இருக்கும், பறவைகள் இன்னும் கிளம்பியிருக்காது, கடலாமைகள் முட்டையிட வரத் தொடங்கியிருக்கும். மான் மட்டும் பார்த்தால் போதும் என்றால் கோடையிலும் போகலாம். தண்ணீர் வற்றிய நாட்களில் அவை குட்டைகளைத் தேடி வரும். வெயிலைத் தாங்க வேண்டும், அவ்வளவே.

தேதி குறிக்கும்போது நாட்காட்டியில் அமாவாசையைப் பாருங்கள். கோடியக்கரைக் கடலை ஆதிசேது என்பார்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் புனித நீராட ஆயிரக்கணக்கில் சனம் வரும். வழிபாட்டுக்கு வருகிறவர்களுக்கு அதுதான் நல்ல நாள். மான் பார்க்க வருகிறவர்கள் வேறு வாரம் வரலாம்.

போய்ச் சேருவது

வெள்ளி இரவே கிளம்பிவிட வேண்டும். சென்னையிலிருந்து இரவு ரயிலில் ஏறினால் விடியலில் திருவாரூரிலோ நாகப்பட்டினத்திலோ இறங்கலாம். இரண்டு ஊரிலிருந்தும் வேதாரண்யத்துக்குப் பேருந்து உண்டு. திருவாரூர் வழி திருத்துறைப்பூண்டியைத் தொட்டுக்கொண்டு போகும். திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் வழியாக அகத்தியன்பள்ளி வரை அகல ரயில் பாதை 2023இல் திறக்கப்பட்டது. அந்த ரயிலை நம்புவதாக இருந்தால் எந்தெந்தக் கிழமை ஓடுகிறது என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். வார இறுதிப் பயணத்துக்கு நான் பேருந்தைத்தான் நம்புகிறேன்.

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். டவுன் பஸ் போகும், ஆட்டோவும் கிடைக்கும். விடிவதற்கு முன்னால் காட்டு வாசலில் நிற்க வேண்டும் என்பதால், ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் ஆட்டோவை முந்தின நாளே பேசி வைத்துவிடுங்கள். சனிக்கிழமை உங்களை ஏற்றிவந்த அண்ணனிடமே கேட்டால், "அஞ்சு மணிக்கு லாட்ஜ் வாசல்ல நிக்கிறேன்" என்பார். நின்றிருப்பார்.

தங்குவதற்கு வேதாரண்யத்தில் விடுதிகள் இருக்கின்றன. கோடியக்கரையிலேயே தங்க ஆசைப்பட்டால் வனத்துறையின் பூநாரை இல்லம் உண்டு. அறைகள் கொஞ்சம்தான். நாகப்பட்டினம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இடம் கிடைத்தால் விடாதீர்கள். ராத்திரி நரி ஊளையிடுவதைப் படுக்கையில் படுத்தபடியே கேட்கலாம்.

சனிக்கிழமை பகல்: அவசரம் வேண்டாம்

காலையில் வந்து சேர்ந்ததும் நேரே காட்டுக்கு ஓடத் தோன்றும். வேண்டாம். குளித்து, சாப்பிட்டு, வேதாரண்யேஸ்வரர் கோயிலைப் பாருங்கள். 'திருவாரூர்த் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு' என்று சொல்லி வைத்த கோயில். வெயில் தாழத் தொடங்கும்போது கிளம்பினால் வழியில் அகத்தியன்பள்ளியில் உப்புச் சத்தியாக்கிரக நினைவுத்தூண் இருக்கிறது. 1930 ஏப்ரல் 13ஆம் தேதி திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் நடந்து வந்தவர்கள், 30ஆம் தேதி இங்கேதான் சட்டத்தை மீறி உப்பு அள்ளினார்கள். இன்றும் சுற்றிலும் உப்பளம்தான். பாத்திகளில் நீர் மினுங்கும், ஓரத்தில் உப்புக் குவியல் வெள்ளையாக நிற்கும். இரண்டு நிமிடம் இறங்கி நின்று பாருங்கள். பாத்தி ஓரங்களில் உள்ளான் என்கிற சின்ன நீர்க்கரைப் பறவைகள் ஓடிக்கொண்டிருக்கும். பறவை பார்ப்பது இங்கேயே தொடங்கிவிடும்.

சாவடியில்

மூன்று மணி வாக்கில் சோதனைச்சாவடிக்கு வந்துவிடுங்கள். நுழைவுச் சீட்டு வாங்கும்போதே மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை மணிக்கு வெளியே வர வேண்டும்? வண்டி எதுவரை போகலாம், நடக்கலாமா? வழிகாட்டி யாராவது கூட வருவார்களா? வழிகாட்டி கிடைத்தால் அந்தச் செலவைக் கணக்குப் பார்க்காதீர்கள். வனக்காவலரோ உள்ளூர்க்காரரோ, நேற்று மான் எந்தப் பக்கம் மேய்ந்தது, பூநாரைகள் (பிளமிங்கோ) இப்போது எந்தப் பக்கம் இருக்கின்றன என்பது அவர்களுக்குத்தான் தெரியும். சதுப்பில் நீர்மட்டம் மாற மாறப் பறவைகளும் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

டிரோன் கொண்டுபோகாதீர்கள். தின்பண்டப் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு இறங்காதீர்கள், குரங்கு பறித்துவிடும். பாவமாக இருக்கிறதே என்று பிஸ்கட் போடுவதும் கூடாது. ஒரு தடவை கையிலிருந்து தின்று பழகிய குரங்கு அடுத்து வருகிற குழந்தையின் கையைக் கடிக்கும்.

வெளிமான் பார்ப்பது எப்படி

இந்தப் பயணத்தின் உயிர்நாடி இந்த இரண்டு மணி நேரம்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புல்வெளி ஓரத்தில் காற்று உங்கள் முகத்தில் அடிக்கிற மாதிரி இடம் பாருங்கள். முதுகுப் பக்கமிருந்து காற்று வீசினால் உங்கள் வாடை மானுக்குப் போய்விடும். முதுகுக்குப் பின்னால் மரமோ புதரோ இருக்கட்டும், அப்போது வெட்டவெளியில் தெரிவது போல ஆள் உருவம் தனித்துத் தெரியாது. நின்றுகொண்டிருக்காமல் உட்காருங்கள். சட்டை மண் நிறமோ காய்ந்த புல் நிறமோ. வெள்ளையும் சிவப்பும் வேண்டாம். செல்போனைச் சத்தமில்லாமல் வையுங்கள். அப்புறம் காத்திருங்கள். முதல் பதினைந்து நிமிடம் எதுவும் நடக்காது. அந்தப் பதினைந்து நிமிடத்தில் எழுந்து போகிறவர்கள்தான் "ஒன்றுமே இல்லை" என்று சொல்கிறவர்கள்.

முதலில் பெட்டைகள் வரும். இளம்பழுப்பு நிறம், வயிறு வெள்ளை, கொம்பு இருக்காது. ஒன்று தலை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்க மற்றவை மேயும். கிடா வந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை. முதுகு கறுத்து, வயிறும் கண்ணைச் சுற்றிய வளையமும் வெளேரென்று, திருகாணி போல முறுக்கிய இரண்டு கொம்புகள். குட்டியில் எல்லாமே பழுப்புதான், ஆண் மட்டும் வளர வளரக் கறுக்கும். பழுப்பும் கறுப்பும் கலந்த உடம்போடு, சின்ன முறுக்குக் கொம்போடு ஒன்றைப் பார்த்தால் அது இளங்கிடா.

கிடா கழுத்தை நிமிர்த்தி, மூக்கை மேலே தூக்கிக் கொம்பை முதுகோடு சாய்த்துக்கொண்டு மெல்ல நடப்பதைப் பாருங்கள். பெட்டைக்கு முன்னாலும் எதிரிக் கிடாவுக்கு முன்னாலும் அப்படித்தான் நடக்கும். ஒரே இடத்தில் புழுக்கை குவிந்து கிடந்தால் அது ஒரு கிடாவின் எல்லைக்குறி. திரும்பத் திரும்ப அங்கேயே வந்து போடும். அங்கே பொறுமையாக இருந்தால் சொந்தக்காரரைப் பார்க்கலாம்.

ஏதாவது மிரட்டினால் கூட்டம் ஓடத் தொடங்கும். நாலு காலும் தரையை விட்டு எழும்ப, ஒன்றன்பின் ஒன்றாகத் துள்ளித் துள்ளிப் போகும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அந்த அழகுக்காக அவற்றை விரட்டாதீர்கள், கை தட்டாதீர்கள், வண்டியைக் கிட்டே விடச் சொல்லாதீர்கள். மேய்கிற மான் தலை நிமிர்ந்து உங்களையே பார்க்கிறது என்றால் நீங்கள் கொஞ்சம் அதிகமாக நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். அங்கேயே நின்றுவிடுங்கள்.

புல்லுக்குள் குட்டி ஒன்று தனியாகப் படுத்திருப்பதைப் பார்க்க நேரலாம். தாய் கைவிட்டுவிட்டதென்று நினைத்துத் தூக்கிவிடாதீர்கள். பிறந்த புதிதில் குட்டியை ஒளித்து வைத்துவிட்டுத் தாய் மேயப் போவது வழக்கம். சத்தமில்லாமல் விலகி வாருங்கள், அது திரும்பி வரும்.

அதே வெளியில் மட்டக்குதிரைகளும் மேயும். குட்டையான உருவம், கலைந்த பிடரி. மனிதர்கள் எப்போதோ வளர்த்து விட்டுவிட்ட குதிரைகளின் வழிவந்தவை இவை. கூட்டமாகப் போகும்போது கண்ணை எடுக்க முடியாது. ஆனால் மானுக்கு வேண்டிய புல்லையும் தண்ணீரையும் இவையும் பங்கு கேட்கின்றன. இன்னொரு பக்கம் சீமைக்கருவேலம் புல்வெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு வருகிறது. வெளிமானுக்கு வெளிதான் வாழ்வு. அது குறையக் குறைய மானுக்கு இடமில்லாமல் போகும் என்பதை அங்கே உட்கார்ந்து பார்க்கும்போது நெஞ்சு உணரும். புள்ளிமானும் காட்டுப்பன்றியும் உண்டு. குதிரையிடமும் பன்றியிடமும் எட்டியே நில்லுங்கள், கிட்டே போய்ப் படம் எடுக்க முயல வேண்டாம்.

பொழுது சாயும்போது காட்டுக்குள்ளிருந்து இரண்டு சீழ்க்கை ஒலி கேட்டால் அது ஆறுமணிக் குருவி. பச்சை முதுகும் நீல இறகும் சிவந்த அடிவயிறுமாக, தரையில் சருகைக் கிளறித் திரியும் சின்னப் பறவை. காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் குரல் கொடுப்பதால் இந்தப் பெயர். குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து வருகிறது.

ஞாயிறு விடியல்: பூநாரை

நாலரைக்கு எழுந்து, ஆட்டோவில் ஏறி, வாசல் திறக்கும்போது அங்கே நில்லுங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி சதுப்பின் கிழக்குப் பக்கம் நின்றால் பறவைகளின் நிறம் தெரியும். எதிர்வெயிலில் எல்லாமே கறுப்புத்தான்.

பைனாகுலர் இல்லாமல் பூநாரை பார்க்கப் போவது வீண். 8 மடங்கு பெரிதாக்குவது போதும், 8×42 என்று போட்டிருப்பது புதியவர்களுக்கு வசதி. சொந்தமாக இல்லாவிட்டால் யாரிடமாவது இரவல் வாங்கியாவது போங்கள்.

தூரத்தில் வெள்ளைக் கோடு போட்ட மாதிரி தெரிவதுதான் பூநாரைக் கூட்டம். பைனாகுலரில் பார்த்தால் நீண்ட கால்களில் நின்று, தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்து அரித்துக்கொண்டிருக்கும். உப்புநீரில் இருக்கிற கூனிப்பொடியும் பாசியும்தான் தீனி. அந்தத் தீனியிலிருந்தே அதன் இளஞ்சிவப்பு நிறமும் வருகிறது. சாம்பல் நிறத்தில் இருப்பவை குஞ்சுப் பருவத்தவை. நின்றால் வெளுப்பாகத் தெரிகிற பறவை எழும்பிப் பறந்தால்தான் இறக்கையின் சிவப்பும் கறுப்பும் விரியும். அது தானாகப் பறக்கும் வரை பொறுத்திருங்கள். வெகுதூரம் பறந்து களைத்து வந்து மேய்கிற பறவையை நம் படத்துக்காக எழுப்புவது பெரும் பாவம்.

அதே நீரில் கூழைக்கடா, கரண்டிவாயன், மஞ்சள் மூக்கு நாரை, கூட்டம் கூட்டமாக உள்ளான்கள், மேலே ஆலாக்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விடுகிறார்கள். வளையமிட்ட பறவை வேறொரு நாட்டில் அகப்படும்போதுதான் அது எங்கிருந்து எங்கே போனது என்று தெரியும். காலில் வளையமோ வண்ணக் கொடியோ உள்ள பறவையைப் பார்த்தால் நிறத்தையும் எழுத்தையும் குறித்து வனத்துறையினரிடம் சொல்லுங்கள். உள்ளான்களுக்கு ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியவில்லையே என்று முதல் நாளிலேயே சோர்ந்துவிடாதீர்கள். பழகியவர்களுக்கே சிரமம் அது. பத்துப் பறவையை நன்றாகத் தெரிந்துகொண்டு திரும்பினால் போதும்.

ஒரு எச்சரிக்கை. சதுப்பில் மேலே காய்ந்து வெடித்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே சேறு. கால் முழங்கால் வரை இறங்கும். கரை மேட்டை விட்டு இறங்காதீர்கள்.

கடற்கரை

வெயில் ஏறியதும், எட்டரை ஒன்பது மணிக்குக் கடலோரம் வரலாம். போகிற வழியில் ராமர் பாதம் இருக்கிறது. ராமர் நின்று இலங்கையைப் பார்த்த இடம் என்று கல்லில் பாதச் சுவடுகளைக் காட்டுவார்கள். தட்டையான இந்த மண்ணில் அந்தச் சின்ன மேடுதான் உயரமான இடம். சுற்றிப் பார்க்க ஏற்றது.

இது விளையாட்டுக் கடற்கரை அல்ல. மீனவர்கள் வேலை செய்கிற கரை. ஐப்பசி முதல் மாசி, பங்குனி வரை வேறு ஊர் மீனவர்களும் இங்கே வாடி போட்டுத் தங்கித் தொழில் செய்வார்கள். காயும் வலையை மிதிக்காதீர்கள், படகில் ஏறிப் படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் மறுக்க மாட்டார்கள். கடலில் இறங்குவதற்கும் அவர்களைத்தான் கேட்க வேண்டும். எங்கே நீரோட்டம் இழுக்கும், எங்கே சேறு என்று அவர்கள் சொல்வதே கணக்கு. இடுப்பளவுக்கு மேல் போகாதீர்கள். தட்டை நீரில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நடந்தால், மணலில் புதைந்திருக்கும் திருக்கை விலகிப் போய்விடும். மிதித்தால்தான் முள்ளால் குத்தும். சொறிமீன் பட்டால் மணலைப் போட்டுத் தேய்க்காமல் கடல்நீராலேயே கழுவுங்கள். மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரி. வலையிலிருந்து உதறிப்போட்ட கடல்பாம்பு செத்த மாதிரி கிடந்தாலும் தொடக்கூடாது, கொடிய விஷம்.

பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள் ஜனவரியிலிருந்து இரவில் கரையேறி முட்டையிடும். ஒரு தடவைக்கு நூறு முட்டை போல இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். வனத்துறையினர் அந்த முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்துப் பாதுகாக்கிறார்கள். ஏறக்குறைய ஐம்பது நாளில் குஞ்சு வரும். பிப்ரவரிக் கடைசி, மார்ச்சில் போகிறவர்கள், குஞ்சு விடுகிற நாள் ஏதும் உண்டா என்று சாவடியில் கேட்டுப் பாருங்கள். குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்துத்தான் திசை அறியும், அதனால் டார்ச்சும் பிளாஷும் அறவே வேண்டாம். கையில் எடுத்துக் கடலில் விடவும் வேண்டாம், அதுவாக நடந்து போகட்டும். கரையில் ஆமை ஒதுங்கிக் கிடந்தால், உயிரோடு இருந்தாலும் செத்திருந்தாலும், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பையில் என்ன

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, முழுக்கால் சட்டை, மூடிய காலணி. காட்டில் முள்ளும் உண்ணியும் உண்டு. ராத்திரி குளிக்கும்போது கணுக்காலையும் இடுப்பையும் தடவிப் பார்த்துவிடுங்கள். பிஸ்கட்டோ கட்டுச்சோறோ கொண்டுபோங்கள். கோடியக்கரையில் டீக்கடை அளவுக்குத்தான் எதிர்பார்க்கலாம், நல்ல மீன் சாப்பாட்டுக்கு வேதாரண்யம் திரும்ப வேண்டும். சில்லறைப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். காலிப் பொட்டலங்களைத் திரும்பக் கொண்டுவர ஒரு துணிப்பை. குறித்துக்கொள்ள ஒரு சின்ன நோட்டு.

ஞாயிறு பிற்பகல் பேருந்தில் திரும்பும்போது இடப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். வேதாரண்யம் வரும் வரை உப்பளமும் சதுப்பும் அந்தப் பக்கம்தான். பைனாகுலரைப் பைக்குள் வைத்துவிடாதீர்கள்.